வடிக்காத தண்ணீர்

மூச்சு வருகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் வருகிறது. கண்ணை எடுத்தால் நின்றுவிடுமோ என்று இருக்கிறது, அதனால் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். வயிறு ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் சின்னதாக ஒரு நிறுத்தம் வருகிறதே, அது எப்போதும் உள்ளதா, இன்றைக்குத்தான் வந்ததா? மூன்று வயசாகப் போகிறது பாப்பாவுக்கு. பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், அவள் மூச்சு எப்படிப் போய் எப்படித் திரும்பும் என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். சாப்பிட்டதும் தூங்கினாள். தினமும் சாப்பிட்டதும் தூங்குகிறவள்தானா? இல்லை. தினமும் ஓடுவாள், குடத்துத் தண்ணீரில் கையை விடுவாள், நான் அடிக்கிற மாதிரி கையை ஓங்குவேன், அதற்குச் சிரிப்பாள், அதற்கப்புறம்தான் தூக்கம். இன்றைக்கு டம்ளரைக் கீழே வைத்ததும் கொட்டாவி விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறு நிறைந்த பிள்ளைக்குத் தூக்கம் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு, பாயை உதறிப் போட்டு, ஃபேனைச் சின்னதாக வைத்து, முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பாவாயி அக்கா கிழங்குத் தோல் கேட்டு வந்தது.

பாவாயி அக்கா இந்த லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த வாசல். கிழங்கு பிடுங்குகிற வேலைக்குப் போகிறது. ஆடு வளர்க்கிறது. நேற்று சாயங்காலம் மடி நிறையக் குச்சிக்கிழங்கு, மரவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், கொண்டுவந்து என் வாசலில் கொட்டிவிட்டு, "ஜவ்வரிசி மில்லுக்குப் போற கெழங்குதான் புள்ள, ஆனா வெந்தா மாவாட்டம் இருக்கும், வேவெச்சுத் தின்னுங்க, தோல மட்டும் எனக்கு எடுத்து வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனது. அவ்வளவுதான் சொன்னது. இந்த ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? கிழங்கை எப்படி வேகவைப்பது என்று பிள்ளை பெற்றவளுக்கு யாராவது சொல்வார்களா? இன்றைக்கு வந்து தோலை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசியது. "பச்சயாப் போட்டா ஆட்டுக்கு ஆவாது, வெயில்ல காய வெச்சுத்தான் போடோணும். ஆமா, வெந்த தண்ணிய எங்க ஊத்துன? சந்துல கிந்துல ஊத்தி வெச்சறாத புள்ள, எங்கூட்டு ஆடு வாய வெச்சறும். போன வருசம் அப்பிடித்தான், செனையாடு, கெழங்குத் தண்ணியக் குடிச்சுப்போட்டு வந்து படுத்துச்சு. நானும் வெயிலுக்குத் தூங்குதுன்னே நெனச்சேன். பொழுதோட போயித் தட்டுனா வெறச்சுக் கெடக்குது. நீ ரெண்டு தண்ணி மாத்துனீல்ல?" நான் தலையை ஆட்டினேன். அது போதாதென்று வாயும் திறந்து சொல்லிற்று, "ஊத்திட்டேங்க்கா." எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? யோசிப்பதற்குள் வந்துவிட்டது. யார் என்ன கேட்டாலும் அவர்கள் எதைக் கேட்க நினைக்கிறார்களோ அதைச் சொல்லி அனுப்பிவிடுவது என் பழக்கம், அப்படிச் சொன்னால் சீக்கிரம் போய்விடுவார்கள். அக்காவும் போய்விட்டது. தண்ணீர் பாப்பா வயிற்றில் இருக்கிறது.

கொட்டக்கூடாது என்றுதான் கொட்டவில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்? கொட்டத் தெரியாமல் இல்லை, கொட்டக்கூடாது என்று படித்து வைத்திருந்தேன், படித்துக்கூட இல்லை, கேட்டு வைத்திருந்தேன். ஃபோனில் சமையல் சொல்லித் தருகிற அந்த வீடியோ அம்மா மண்சட்டியும் மரக்கரண்டியுமாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வருவாள். "காய் வெந்த தண்ணிய என்னம்மா பண்றீங்க? சிங்க்ல கொட்டுறீங்க. சத்த கொட்டிட்டுச் சக்கையத் திங்கிறீங்க, அப்புறம் பிள்ளைக்கு எடை ஏறலன்னு டானிக் வாங்குறீங்க." என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது. அன்றிலிருந்து எந்தத் தண்ணீரையும் கொட்டியதில்லை. முருங்கைக்கீரைத் தண்ணீர், பயறு வெந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, எல்லாம் ரசமாகும், இல்லை சூப்பாகும், மிளகும் உப்பும் போட்டு ஊதி ஊதிக் கொடுப்பேன். வீடியோ அம்மா கேரட்டுக்குச் சொன்னாள், நான் கிழங்குக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். மூடி போட்டு வேகவைத்தேன், ஆவியில்கூடச் சத்துப் போய்விடக்கூடாது என்று. ஆவியிலாவது கொஞ்சம் போயிருக்குமே. சட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் கஞ்சி போலக் கொழகொழவென்று வெள்ளையாக இருந்தது, பார்க்கவே சத்தாக இருந்தது. பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கச்சுதும்மா." கசக்கிறது என்றாள். பிள்ளை சொன்னாள். சொன்னாள்தானே? நான் என்ன செய்தேன்? டப்பாவில் எங்கள் ஊர்க் கருப்பட்டி இருந்தது, அதைத் தட்டிப் போட்டுக் கலக்கி, "இப்பக் குடி, பாயாசம்" என்றேன். குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள். கசப்பைக் கண்டுபிடித்த நாக்கை நான் ஏமாற்றினேன், அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டும் இருந்தேன். நான் ஒரு டம்ளர் குடித்திருக்கக்கூடாதா? குடித்திருந்தால் என் வயிற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே. நல்லது எல்லாம் பிள்ளைக்கு என்று கிழங்கை மட்டும் நான் தின்றேன், தண்ணீரை அவளுக்கு வைத்தேன்.

கை வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. ஃபேன் காற்றுக்குச் சில்லென்று இருக்கும். ஃபேனை நிறுத்தினேன். நிறுத்தியதும் வேர்க்குமோ, வேர்த்தால் அது வெயிலுக்கா வேறெதற்காவதா என்று தெரியாதே என்று மறுபடியும் போட்டேன். அங்கன்வாடியில் பாப்பாவைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, குறைவு என்று சொன்ன அன்றைக்கும் இதே போலக் கால் சில்லென்றுதான் இருந்தது. அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் கேட்டார், "என்னம்மா குடுக்குறீங்க வீட்டுல?" என் நாத்தனார் சாந்தாமணிதான் பக்கத்தில் நின்று எனக்காகப் பதில் சொன்னது. "ரஸ்க்கு, வர்க்கி, அஞ்சு நிமிசத்துல வேவுற சேமியா. மில்லு ஆஸ்டல்ல வளந்தவளுக்கு வேறென்ன தெரியும் டீச்சர், சோறுன்னா ஜன்னல் வழியா வரும்னு நெனச்சிட்டிருந்தவ." சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள், நானும் கூடவே சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது? உண்மைதானே. பரமக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஆறாவதோடு நிறுத்தி, வயசைக் கூட்டிச் சொல்லி, வேனில் ஏற்றி இங்கே நூல் மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் அடுப்படியில் அம்மா பின்னால் சுற்றிக் கற்றுக்கொள்கிற வயசில் நான் தட்டோடு வரிசையில் நின்றேன். ஜன்னல் வழியாகத்தான் வரும். ஆம்பளை மாஸ்டர்கள் சமைப்பார்கள், உள்ளே எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் என்றால் சாம்பார், சிவப்புத் தண்ணீர் என்றால் ரசம். கல்யாணமாகி வந்தபோது எனக்கு டீ போடத் தெரியாது. அவர் மில் வேன் ஓட்டினவர், என்னைப் பார்த்துப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டார், "முத்திருளாயி, டீத்தூள் கொதிக்கறதுக்கு முன்னாடி சக்கரையப் போட்டுட்டியா, இல்ல மறந்துட்டியா, இப்ப இது என்ன தண்ணி?" என்று கேலிதான் செய்வார், கோபப்பட்டதில்லை. அந்த எடை பார்த்த நாளிலிருந்துதான் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சமைக்க ஆரம்பித்தேன். கேழ்வரகுக் களி கட்டி கட்டியாக வந்தது. கம்மங்கூழ் புளிக்காமல் கோந்து போல வந்தது, பாப்பா துப்பினாள். விடவில்லை. பிறகு வந்தது. கூழ் வந்தது, கொள்ளு ரசம் வந்தது, முளைகட்டிய பயறு வந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. பழைய காலத்துச் சாப்பாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு எல்லாம் புதுசு. பழசு தெரிந்தவர்களுக்கு எதைக் குடிக்க வேண்டும், எதைக் கொட்ட வேண்டும் என்பது சேர்ந்தே தெரிந்திருக்கிறது. எனக்குக் குடிப்பது மட்டும் வந்து சேர்ந்தது.

அவருக்கு ஃபோன் போட்டேன். ஒரிசாப் பக்கம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்கு இருக்கிறார், மூன்று நாலு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். எடுத்தார். எடுத்ததும் அந்த வண்டிச் சத்தம் காதைத் துளைத்தது. "என்ன புள்ள?" என்றார். "பாப்பாவுக்கு," என்றேன். "என்னது? சத்தமாச் சொல்லு." "பாப்பாவுக்கு கிழங்கு..." "கிழங்கா? பாவாயக்கா குடுத்துச்சா? நல்லா காரமா தாளிச்சு வை, நான் வந்தா எனக்கும் வெச்சுத் தரோணும்." சிரித்தார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "பாப்பா என்ன பண்றா?" "தூங்குறா." "தூங்கட்டும், எழுப்பிவுட்டுராத, வெயில் நேரம்." தூங்கட்டும் என்கிறார். அந்த ஆடும் தூங்குகிறதென்றுதான் அக்கா நினைத்தது. "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டேன். இதைக் கேட்கவா போட்டேன்? "ஆச்சு ஆச்சு, வெக்கறேன்" என்றார். ஃபோன் கையில் சூடாக இருந்தது. அத்தனை தூரத்தில் இருக்கிற மனுசரிடம் சொல்லி அவர் என்ன செய்வார், இரும்புக் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வரவா முடியும், பயத்தோடு வேலை செய்து மெஷினில் கையைக் கொடுத்துவிட்டால்? சொல்லாதது நல்லதுதான். இல்லை, நல்லதென்று இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து விழுந்தால் செத்த பிணம் போலத் தூங்குவோம். பக்கத்துப் பாயில் பஞ்சவர்ணம் என்று ஒருத்தி, மானாமதுரைக்காரி, வாய் ஓயாதவள். தலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துத் தூங்குகிறவர்கள் மூக்குக்குக் கீழே வைப்பாள், மூச்சுக்கு அது ஆடும், "உசுரு இருக்குடி, நாளைக்கும் வேலைக்குப் போகணும்" என்பாள், முழித்திருக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். இங்கே தலகாணி ஓரம் பிய்ந்திருந்தது, ஒரு துளி பஞ்சை இழுத்துப் பாப்பா மூக்குக்குக் கீழே பிடித்தேன். ஆடுகிறது. ஆடுகிறதா, என் விரல் நடுங்குகிறதா? விரலைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன். ஆடுகிறது. போதும், ஆடுகிறதே, போதும். ஆனால் இந்த நேரத்துக்கு ஆடுகிறது, அடுத்த நேரத்துக்கு? ஃபோனில் பேசிக் கேட்கலாம், எழுத வராதவர்களுக்கு மைக் படம் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டுப் பேசினால் தேடும். ஃபோனிடம் பேசவும் எனக்குக் கூச்சம், யாரோ அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக, "குச்சிக்கிழங்குத் தண்ணி குடிச்சா பிள்ளைக்கு என்ன ஆகும்" என்றேன். கிழங்கு வறுவல் வந்தது. கிழங்கு அடை வந்தது. அதே அம்மா, அதே குங்குமம், அதே மரக்கரண்டியோடு சிரித்தாள். பத்து வீடியோ தள்ளினேன், எல்லாம் தாளிக்கிறது. எங்கேயோ ஒருத்தி, "முதல்ல கிழங்க நல்லா தண்ணி வடிச்சு எடுத்துக்கங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடுகு போடப் போய்விட்டாள். ஏன் வடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியாதது.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். போகும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்தேன், வயிறு ஏறுகிறதா என்று. சட்டியின் அடியில் கருப்பட்டி கலக்காத தண்ணீர் கொஞ்சம் நின்றிருந்தது, மேலே ஆடை போலக் கட்டியிருந்தது. எடுத்துக் குடித்தேன். முதலில் ஒன்றுமில்லை, கஞ்சி போலத்தான் இருந்தது. பிறகு அடிநாக்கில் வந்தது. வேப்பிலைக் கசப்பு வேறு, பாகற்காய்க் கசப்பு வேறு. இது நாக்கோடு நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றது. இதையா குடித்தாள்? இதற்கா நான் பாயாசம் என்று பெயர் வைத்தேன்? வாந்தி எடுக்க வைக்கலாமா? வீட்டில் நாமாக வாந்தி எடுக்க வைத்தால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வருகிறது, அதுவும் உண்மையா தெரியவில்லை, எதுவும் முழுசாகத் தெரியவில்லை எனக்கு. அக்காவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் அக்கா சொல்லும், இப்போதுதானே ஊற்றிவிட்டேன் என்றாய். அப்புறம் குழாயடிக்குப் போகும், அப்புறம் சாந்தாமணி காதுக்குப் போகும். ஆட்டுக்கு வைக்காததைப் பிள்ளைக்கு வைத்தாள் ராம்நாட்டுக்காரி என்று இந்த லைன் இருக்கும்வரை பேசுவார்கள், பாப்பா பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போகும்போதும் பேசுவார்கள். பேசட்டுமே. பாப்பா பெரியவளானால்தானே பேசுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் சட்டி கையிலிருந்து விழுந்தது. ஈயச்சட்டி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி விழுந்து உருண்டது. ஓடிவந்து பார்த்தேன். பாப்பா அசையவில்லை. டம்ளர் விழுந்தால் திடுக்கிட்டு எழுகிற பிள்ளை, இமைகூட ஆடவில்லை.

"பாப்பா." தோளைத் தொட்டேன். "பாப்பா, தன்ஷிகா, சாமி." அவர் வைத்த பெயர், எனக்கு வாயில் சரியாக நுழையாத பெயர், அதையும் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்தது, பாதி வெள்ளையாகத் திறந்தது, என்னைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. தூக்கி நிறுத்தினேன். கழுத்து நிற்காமல் என் தோளில் சாய்ந்தது. தூக்கக் கலக்கத்தில் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் சாயும், சாயும்தானே, போன வாரம் பஸ்ஸில்கூட இப்படிச் சாய்ந்தாளே, அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே. தோளில் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பு போடவில்லை. வெயில் காலைச் சுட்டது. பாவாயி அக்கா சாக்கை விரித்துத் தோலைப் பரப்பிக்கொண்டிருந்தது. குழாயடியில் நாலைந்து பேர் குடத்தோடு நின்றார்கள். அக்கா பக்கத்தில் போய், குனிந்து, காதோடு சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் நடந்தேன். காதருகே குனிவதற்குள் வந்துவிட்டது. "தண்ணிய ஊத்தலக்கா! பொய் சொல்லிட்டேன். பாப்பாவுக்குக் குடுத்துட்டேன்!" இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. குழாயடியில் எல்லோரும் திரும்பினார்கள். குடம் நிறைந்து வழிந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவின் முகத்தைப் பார்த்தது. கண் இமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தது. "எவ்வளவு குடிச்சா?" "ரெண்டு டம்ளர்." "எப்ப?" "சாப்பாட்டோட." "அட அறிவு கெட்டவளே, நின்னு அத்தன பேசுனனே, அப்பவே சொல்றதுக்கென்ன, வாயில என்ன கொழக்கட்டயா வெச்சிருந்த?" திட்டிக்கொண்டே கையை முந்தானையில் துடைத்தது, திட்டிக்கொண்டே டிவிஎஸ் வண்டியின் மேல் கிடந்த சாக்கை இழுத்து எறிந்தது. "ஏறு. பெரியாஸ்பத்திரிக்குப் போயறலாம். அங்க போயி இந்த மாதிரி மென்னு முழுங்கிட்டு நின்னீன்னா உன்னய அங்கயே அறைவேன். மில்லுக் கெழங்கு, வடிக்காத தண்ணி, ரெண்டு டம்ளர். சொல்லு, ஒருக்கா." "மில்லுக் கெழங்கு, வடிக்காத தண்ணி, ரெண்டு டம்ளர்." "ஆங்." நான் ஏறினேன். பாப்பாவை எனக்கும் அக்கா முதுகுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டேன். வண்டி மேட்டில் ஏறித் தூக்கிப் போட்டதில் பாப்பா முனகினாள். அடுத்த பள்ளத்தில் கண்ணைத் திறந்து, வெயிலைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். நான் பழக்கத்தில் முதுகைத் தட்டி, "ஓ ஓ, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். அக்கா திரும்பாமலே கத்தியது. "அழுவறாளா?" "அழறாக்கா." "சமாதானம் பண்ணாத. தூங்க உடாத. கிள்ளு." "கிள்ளவா?" "கிள்ளுங்கறன்ல!" தொடையைக் கிள்ளினேன். என் கையால் அவள் மேல் விழுந்த முதல் வலி அது. பாப்பா வீறிட்டாள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள், "அம்மா வேணாம், அம்மா வேணாம்" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தர் "ஏம்மா, பச்சப்புள்ளய ஏம்மா" என்று கையை நீட்டினார். நான் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மில்லுக் கெழங்கு, வடிக்காத தண்ணி, ரெண்டு டம்ளர் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன், அவள் அழுகை குறைகிற போதெல்லாம் நிறுத்திவிட்டு, இன்னும் வலிக்கிற மாதிரி ஓர் இடம் தேடிக் கிள்ளினேன்.